கடல் கயாக் வேகமாக ஓட எதை எதைச் சரிசெய்ய வேண்டும்: கொடைக்கானலில் இருந்து ஒரு முழு வழிகாட்டி

கொடைக்கானலில் ஒரு வீட்டு ஷெட்டுக்குள் 5.2 மீட்டர் நீளத்தில் கடல் கயாக் (இரண்டு முனையிலும் தட்டையான துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) தொங்கினால், வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "கடலே இல்லாத ஊர்ல இது எதுக்குங்க?" நான் ஏரியைக் காட்டுவேன். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் இந்த ஏரியை அமைத்தபோது, முதல் படகு தூத்துக்குடியில் இருந்துதான் மலையேறி வந்தது. கடலில் இருந்து இங்கே வரலாம் என்றால் இங்கிருந்து கடலுக்கும் போகலாம்.

வருடத்துக்கு மூன்று நான்கு முறை மண்டபம், தூத்துக்குடி பக்கம் இறங்குவேன். மற்ற நாளெல்லாம் படகு ஷெட்டில்தான். அதிலும் ஒரு வசதி இருக்கிறது. கடற்கரை வெயிலில் நின்றுகொண்டு ஸ்பேனரைத் தேட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இங்கேயே நிதானமாகச் சரிசெய்து, ஏரியில் அளந்து பார்த்துவிட்டுக் கீழே போகலாம்.

முதல் இரண்டு வருடம் எனக்கு இந்தப் புத்தி வரவில்லை. கூட வருபவர்கள் முன்னே போய்விடுவார்கள், நான் எப்போதும் கடைசி. படகுதான் சரியில்லை என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்க விலைகூட விசாரித்துவிட்டேன். மண்டபத்தில் ஒரு மதியம், வலப்பக்கக் காற்றில் வலது பக்கமே துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் கழன்று கரையேறினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் படகை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அணியத்துல பாரம் கெடக்குது தம்பி. அது காத்தப் பாத்துத்தான் போவும்." முன்பக்க ஹேட்சை (சாமான் வைக்கும் மூடியுள்ள அறை) திறந்தால் உள்ளே 10 லிட்டர் தண்ணீர் கேன். காலையில் நான்தான் வைத்தேன். அதைத் தூக்கிப் பின்னால் வைத்ததும், சாயங்காலம் அதே காற்றில் படகு நூல் பிடித்தமாதிரி ஓடியது. புதுப் படகுப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆகவே இந்த வழிகாட்டியில் காசு செலவில்லாத வேலைகள் முதலில் வரும். துடுப்பு மாதிரி விலையுள்ள சாமான் பிறகுதான். படகை மாற்றுவது பற்றி எதுவுமே இல்லை.

முதலில், வேகம் எங்கே போகிறது?

கயாக்கைத் தண்ணீர் இரண்டு விதமாகப் பிடித்து இழுக்கிறது. ஒன்று உராய்வு: நனைந்திருக்கும் அடிப்பாகம் முழுவதையும் தண்ணீர் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது அலை: படகு தண்ணீரைத் தள்ளி மூக்கில் ஒரு அலை, வாலில் ஒரு அலை எழுப்புகிறது. அந்த அலைகளை உண்டாக்கும் செலவும் நம் கையில் இருந்துதான் போகிறது. நிதானமாகப் போகும்போது பெரும்பங்கு உராய்வு. வேகம் கூடக் கூட அலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. படகு தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அலைச்செலவு செங்குத்தாக ஏறத் தொடங்கும் வேகம் நாட் (knot) எனும் கடல் வேக அளவில் கிடைக்கும். என் படகு 5.2 மீட்டர் என்றாலும் மூக்கும் வாலும் தூக்கி நிற்பதால் தண்ணீரில் படுவது 4.6 மீட்டர்தான், அதாவது சுமார் 15 அடி. கணக்குப் போட்டால் 5.2 நாட், மணிக்கு 9.6 கிலோமீட்டர். நாம் நாள் முழுக்கப் போவது 3 முதல் 4 நாட், மணிக்கு ஐந்தரை முதல் ஏழரை கிலோமீட்டர். அந்த உச்சவரம்புப் பக்கமே நாம் போவதில்லை. இன்னும் நீளமான படகு வாங்கினால் வேகம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நீளம் கூடினால் நனையும் பரப்பும் கூடும், நிதான வேகத்தில் அதுவே பாரமாகிவிடும்.

இன்னொன்று. தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது. வேகம் 10 சதவீதம் கூட வேண்டுமானால் சக்தி 33 சதவீதம் கூட வேண்டும். கைபலத்தை மட்டும் நம்பினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு செலவு இருக்கிறது. அது எந்த சூத்திரத்திலும் வராது: திருத்தத் துடுப்பு. நிமிடத்துக்கு 60 துடுப்பு போடுகிறீர்கள். ஆறில் ஒன்று படகை நேராக்கப் போகிறது என்றால், நிமிடத்துக்குப் பத்துத் துடுப்பு முன்னே போகவே இல்லை. போதாததற்கு அகலமாக வீசும் துடுப்பு ஒவ்வொன்றும் படகைக் கொஞ்சம் ஆட்டி, ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்தைக் கெடுக்கிறது. அமைப்பைச் சரிசெய்து கிடைக்கும் வேகத்தில் பெரும்பாதி இந்தக் கணக்கில் மிச்சம் பிடித்ததுதான் என்பது என் அனுபவம்.

படி 1: அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அளக்காமல் மாற்றினால், "இன்னைக்கு நல்லாப் போச்சு" என்ற நினைப்புதான் மிஞ்சும். அன்றைக்குக் காற்று இல்லாதிருந்திருக்கும், அல்லது முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருப்பீர்கள்.

தேவை ஒரு நோட்டு, ஒரு ஜிபிஎஸ் வாட்ச், சுமார் 400 மீட்டர் நேர்பாதை. வாட்ச்சைக் கையில் கட்டாதீர்கள், கை வீச்சில் வேகம் ஏறி இறங்கும். டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், இருக்கும் கயிற்றில் கட்டுங்கள். ஒரே பாதையைப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அளந்து சராசரி எடுத்தால் லேசான காற்றின் உதவியும் தொந்தரவும் பெரும்பாலும் கழிந்துபோகும். எப்போதும் ஒரே உழைப்பில் போங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றி அளந்த பிறகு பழைய அமைப்புக்கே திரும்பி மறுபடி அளக்க வேண்டும். பழைய நேரம் திரும்ப வந்தால்தான் அந்த மாற்றத்தை நம்பலாம். வராவிட்டால் உங்கள் உடம்புதான் சூடாகியிருக்கிறது.

கொடைக்கானல் ஏரியில் சொந்தப் படகை நினைத்தபடி இறக்க முடியாது. அனுமதி வாங்கி, பெடல் படகுகள் இறங்கும் முன்பான காலை நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஏரி நட்சத்திர வடிவம் என்பதால் ஒவ்வொரு கையிலும் காற்று ஒவ்வொரு விதம். ஒரே கையைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கினால் கரையேறிவிட வேண்டும். முன்னால் யார் வருகிறார்கள் என்பதே தெரியாது. பேரிஜம் ஏரியை நினைக்கவே வேண்டாம், அது வனத்துறை எல்லை.

கரையோரம் அளக்காதீர்கள். தண்ணீர் ஆழம் குறைந்தால் படகு தன் அலையில் தானே சிக்கிக்கொள்ளும். 1 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்திலேயே இந்த இழுப்பு தெரியத் தொடங்கும், பின்பக்கம் தாழ்ந்து, யாரோ வாலைப் பிடித்த மாதிரி இருக்கும். 2 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடமாகப் பாருங்கள். பாசியும் கரையோரத்தில்தான் அதிகம். மூக்கில் ஒரு கொத்துப் பாசி மாட்டினாலே அன்றைய அளவு வீண்.

மலை ஏரியில் எடுத்த அளவு கடலுக்குப் பொருந்துமா? நானும் இதை வெகுநாள் யோசித்தேன். இங்கே காலையில் தண்ணீர் 15 டிகிரி மாதிரி குளிர்ந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் பிசுபிசுப்பு அதிகம், உராய்வும் சற்றுக் கூடும். கடல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் 2.5 சதவீதம் கனம் அதிகம். ஒன்றின் லாபத்தை இன்னொன்று பெரும்பாலும் தின்றுவிடுவதால் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காற்று விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏரியில் சமாளித்த அதே வேகக் காற்று கடலில் இன்னும் பலமாகத் தள்ளும்.

படி 2: கால், இடுப்பு, இருக்கை

கயாக் கையால் ஓடுவதாகத் தெரியும். உண்மையில் கால்தான் படகைத் தள்ளுகிறது. துடுப்பு தண்ணீரில் நிலையாக ஊன்றி நிற்கிறது, நீங்கள் உங்களை அதை நோக்கி இழுக்கிறீர்கள், அந்த இழுப்பு உள்ளங்கால் வழியாகப் படகுக்குப் போகிறது. இடையில் எங்கே தளர்வு இருந்தாலும் அங்கே சக்தி கசியும்.

ஷெட்டில், தரையில் ஒரு பாயை விரித்துப் படகை வைத்து உட்காருங்கள். கடலுக்குப் போடும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலில் சரிசெய்துவிட்டு ஷூவோடு போனால் ஒரு துளை தள்ளித்தான் இருக்கும். முன்பாதம் கால்தாங்கியில் பதிய வேண்டும், முழங்கால் லேசாக மடங்கி, தொடை மேல்தாங்கியை மெதுவாகத் தொட வேண்டும். இப்போது வலது காலால் அழுத்துங்கள். வலது இடுப்பு சற்றுப் பின்னே போய், உடம்பு தானாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையா? கால்தாங்கி தூரமாக இருக்கிறது, நீங்கள் கால்விரல் நுனியால் எட்டிப் பிடிக்கிறீர்கள். தொடை இறுகி, பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறதா? கால்தாங்கி மிகக் கிட்டத்தில் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் தூரமாகத்தான் வைக்கிறார்கள், "கால் நீட்டி வசதியா இருக்கட்டும்" என்று. திண்ணையில் உட்கார அது சரி.

ரடர் (சுக்கான்) உள்ள படகில் இன்னொரு இடைஞ்சல். பழைய மாதிரியில் கால்தாங்கி முழுவதும் முன்னும் பின்னும் நகர்ந்துதான் ரடரைத் திருப்பும். தள்ளுகிற கால் நழுவிக்கொண்டே இருக்கும், ரடரும் ஆடிக்கொண்டே இருக்கும். தாங்கி அசையாமல் நிற்க, மேல்நுனியை மட்டும் விரலால் அழுத்தித் திருப்பும் பெடல்கள் உண்டு. இந்த வழிகாட்டியைப் படித்து ஒரே ஒரு சாமான் வாங்குவதானால் அதை வாங்குங்கள். வாங்காவிட்டாலும் ரடர் கம்பியின் தொய்வையாவது இழுத்துக் கட்டுங்கள்.

இடுப்பின் இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தால் ஃபோம் வையுங்கள். தனியாக விற்கும் பேட் தேவையில்லை. செருப்பு அடிக்குப் பயன்படுத்தும் ஈவிஏ ஷீட் போதும், பிரெட் கத்தியால் அழகாக வெட்டலாம். ஒவ்வொரு பக்கமும் விரல் நுழையும் இடம் விடுங்கள், இறுக்கிவிட்டால் இடுப்பு திரும்பாது. ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் ரப்பர் பசையே நல்லது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பனி நேரத்தில் ஒட்டாதீர்கள். பசை தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். இங்கே சாயங்காலம் தடவினால் காய்வதற்குள் அதன்மேல் ஈரம் படிந்துவிடும். நான் ஒட்டிய முதல் ஜோடி, கடலில் இறங்கிய அரைமணி நேரத்தில் கழன்று மடியில் மிதந்தது. உச்சி வெயிலில், படகையும் வெயிலில் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

முதுகுத்தாங்கி தாழ்வாக, இடுப்பெலும்பின் மேல்வரம்பில் நிற்கட்டும். ஈசிசேர் மாதிரி உயரமாக இருந்தால் சாய்ந்துவிடுவீர்கள், சாய்ந்த உடம்பு திரும்பாது.

படி 3: மூக்கா, வாலா? பாரத்தைச் சமன் செய்வது

கேன் விஷயத்துக்கு வருவோம். ஓடும் படகின் மூக்கு கலங்காத தண்ணீரைக் கிழித்துப் போவதால் அங்கே அதற்குப் பிடிமானம் அதிகம். வால் பகுதியில் தண்ணீர் ஏற்கெனவே கலைந்து தளர்ந்திருக்கும். பக்கத்தில் இருந்து காற்றடித்தால் மூக்கு அசையாது, வால் தள்ளப்படும், படகு காற்றைப் பார்த்துத் திரும்பும். மூக்கில் பாரம் கூடினால் மூக்கின் பிடி இன்னும் இறுகும், வால் இன்னும் லேசாகும். பெரியவர் சொன்னது இதைத்தான். பாரம் பின்னால் மிக அதிகமானால் இதற்கு நேர்மாறு: படகு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும், எதிர்க்காற்றில் மூக்கைத் திருப்பவே முடியாது. இரண்டில் இது ஆபத்தானது.

அளக்கும் முறை எளிது. மூக்கிலும் வாலிலும் 2 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். படகைக் காலியாக மிதக்கவிட்டுப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பிறகு நீங்கள் உட்கார்ந்து, கரையில் இருந்து நண்பரை எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக முழு மூட்டையோடு ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எண்ணிவிடலாம். இதற்குக் கொடைக்கானல் ஏரியின் டிசம்பர் காலை மாதிரி இடம் கிடையாது. தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், கோடு கோடாகத் தெரியும். கடலில் இதைச் செய்ய முயன்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எதை நகர்த்துவது? இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 75 கிலோ ஆள் இருக்கையோடு 2 சென்டிமீட்டர் பின்னால் நகர்வதும், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை 1 மீட்டர் பின்னால் நகர்த்துவதும் படகுக்கு ஒன்றுதான். 75ஐ 2ஆல் பெருக்கினாலும் ஒன்றரையை 100ஆல் பெருக்கினாலும் 150. அதனால் நாள் முழுக்க வெறும் படகில் போகிறவர்கள் இருக்கையை நகர்த்தலாம், பல படகுகளில் அதற்குத் துளைகள் இருக்கும். முகாம் மூட்டையோடு போகிறவர்கள் இருக்கையைத் தொட வேண்டாம், தண்ணீரை வைத்தே சமன் செய்யலாம். இருக்கையை நகர்த்தினால் கால்தாங்கியையும் அதே அளவு நகர்த்த வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் விதி: மூட்டையோடு பார்க்கும்போது வால் ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும். கனமானதெல்லாம் இருக்கையை ஒட்டி, அடியில். தூங்கும் பை, துணிமணி மாதிரி லேசானவை இரண்டு நுனியிலும். நுனிகளில் கனம் இருந்தால் அலையில் மூக்கு சீக்கிரம் எழாது, தண்ணீரைக் குத்திக்கொண்டே போகும். தண்ணீர் குடிக்கக் குடிக்கக் குறையும் என்பதால் இரண்டு கேன்களை இருக்கைக்கு முன்னும் பின்னும் வைத்து மாற்றி மாற்றிக் குடிக்கிறேன்.

மொத்த எடையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஆளும் படகும் சேர்ந்து 120 கிலோ என்றால், கூடுதல் 10 கிலோ நிதான வேகத்தில் 1 சதவீதம் மாதிரிதான் குறைக்கும். அதே 10 கிலோ தப்பான இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் தோள் சாட்சி. எடையைக் குறைக்கிறேன் என்று பம்ப், மாற்றுத் துடுப்பு, இழுவைக் கயிறு இவற்றை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களோடு நான் கடலுக்குப் போவதில்லை.

படி 4: ஸ்கெக், ரடர்

ஸ்கெக் என்பது படகின் வாலுக்கு அடியில் இறங்கும் சிறு தகடு, திரும்பாது. ரடர் நம் ஊர்ச் சுக்கான், திரும்பும். இரண்டும் தண்ணீரில் இழுவையைக் கூட்டும். அதனால் "இறக்கவே மாட்டேன்" என்று வீம்பு பிடிக்கும் ஆட்கள் உண்டு. நானும் அப்படி இருந்தவன்தான். அரை ஸ்கெக்கின் இழுவையைவிட நிமிடத்துக்குப் பத்துத் திருத்தத் துடுப்பின் செலவு ரொம்ப அதிகம்.

பழக வேண்டியது அளவு. மேலே தூக்கியிருந்தால் படகு காற்றைப் பார்த்துத் திரும்பும், முழுக்க இறக்கினால் காற்றுக்கு விலகி ஓடும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் நேராகப் போகும். பக்கக் காற்றில் ஸ்கெக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எங்கே திருத்தம் நிற்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள். அந்த இடத்தை ஸ்கெக் லீவர் பக்கத்தில் டேப்பால் குறித்துவையுங்கள். ரடர் என்றால் நேராக வைத்துப் பிடிப்பதே நல்லது. வளைந்து நிற்கும் ரடர் பிரேக் மாதிரி.

ஸ்கெக் பெட்டிக்குள் சிறு கல் மாட்டுவது தினசரிக் கதை. கரையில் படகை இழுக்கும்போது ஏறிக்கொள்ளும், தண்ணீரில் போனபிறகு லீவரை எவ்வளவு தள்ளினாலும் தகடு இறங்காது, கம்பிதான் மடங்கும். தகட்டின் நுனியில் சிறு துளை போட்டு ஒரு சாண் நைலான் கயிறு கட்டிவிடுங்கள். பின்னால் வருபவர் அதைப் பிடித்து இழுத்தால் கல் விழுந்துவிடும்.

படி 5: துடுப்பு

மலையில் வாடகைக்குக் கிடைக்கும் துடுப்புகளைப் பிடித்துப் பழகியவர்கள் நீளமானதைத்தான் கேட்பார்கள். அகலப் படகுக்கு அது வேண்டும். கடல் கயாக் 55 சென்டிமீட்டர் மாதிரி ஒடுக்கம். 165 முதல் 175 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 210 முதல் 215 சென்டிமீட்டர் துடுப்பு போதும். நீளம் கூடினால் அலகு (துடுப்பின் தட்டையான முனை) படகை விட்டுத் தள்ளி விழும், ஒவ்வொரு துடுப்பும் படகைக் கொஞ்சம் திருப்பும், மறுபக்கத் துடுப்பு அதைத் திருத்தும். மூக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு துடுப்புக்கும் அது இடவலமாக ஆடினால் துடுப்பு நீளம், அல்லது நீங்கள் அலகை இடுப்பைத் தாண்டிப் பின்னால் வரை இழுக்கிறீர்கள். பாதத்துக்குப் பக்கத்தில் குத்தி, இடுப்பருகே எடுத்துவிட வேண்டும்.

அலகின் பரப்பு பெரிதானால் வேகம் என்பது கேட்க நன்றாக இருக்கும். முதல் கிலோமீட்டருக்கு உண்மையும்கூட. மேட்டில் டாப் கியரில் சைக்கிள் மிதிப்பது மாதிரி அது, பத்தாவது கிலோமீட்டரில் தோள்பட்டை பேசும். சற்றுச் சிறிய அலகு, நிமிடத்துக்கு 60 முதல் 70 துடுப்பு என்ற தாளம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். எடையில் காசைப் போடலாம். மணிக்கு 3,600 துடுப்பு, துடுப்பு 200 கிராம் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் 720 கிலோவைத் தூக்காமல் தப்பிக்கிறீர்கள்.

கரண்டி மாதிரி வளைந்த விங் துடுப்பு வேகமானதுதான், பந்தயக்காரர்கள் பிடிப்பது அதைத்தான். ஆனால் அதற்கு இழுப்பு முறையே வேறு, அலை நீரில் சாய்ந்து பிடிக்கும்போது பழகாதவரைக் கவிழ்த்துவிடும். இரண்டு அலகுக்கும் இடையிலான கோணம் 30 முதல் 45 டிகிரி வைத்தால் எதிர்க்காற்றில் மேலே இருக்கும் அலகு காற்றைக் கிழிக்கும். மணிக்கட்டு வலித்தால் குறையுங்கள். கோணத்தை வைத்து நடக்கும் சண்டைகளில் எனக்கு அக்கறை இல்லை.

படி 6: அடிப்பாகம்

கழுவுங்கள், உப்பையும் பாசியையும் எடுங்கள், ஆழக் கீறலை நிரப்புங்கள். அவ்வளவுதான். நம் வேகத்தில் தலைமுடித் தடிமனுக்கும் குறைவான கீறல் உராய்வைப் பாதிக்காது. மெழுகு போட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருளும், பார்க்க அழகு, வேகத்துக்கு உதவாது. பிளாஸ்டிக் படகில் கீறல் ஓரம் நார்நாராக எழுந்திருந்தால் மட்டும் கூர்மையான பிளேடால் சீவி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கள்.

படி 7: டெக்குக்கு மேலே

அடியில் தண்ணீர் பிடிப்பது போல மேலே காற்று பிடிக்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், எதிர்க்காற்று இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு. டெக்கில் கட்டிய பை, மேலே நிற்கும் தண்ணீர் பாட்டில், அகலத் தொப்பி எல்லாம் பாய்மரம்தான். டெக்கில் வரைபடமும் மாற்றுத் துடுப்பும் தவிர எதுவும் வேண்டாம். உட்காரும் குழியான காக்பிட்டுக்குள் தண்ணீர் ஏறாமல் மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டைச் சோம்பலில் கழற்றி வைக்காதீர்கள். காக்பிட்டில் 10 லிட்டர் தண்ணீர் ஏறினால் 10 கிலோ மட்டுமில்லை, அது இடவலமாக ஓடி ஓடிப் படகின் நிலையைக் கெடுக்கும்.

படி 8: மலையிறக்கம்

சமவெளிக்காரர்களுக்கு இந்தப் படி தேவைப்படாது. எங்களுக்கு இதைத் தவறவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

பேருந்தில் கொண்டுவரும் சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் வந்து சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயாக்கின் ஹேட்சும் ஒரு பாக்கெட்தான், திசை மட்டும் தலைகீழ். இங்கே மூடிய ஹேட்சுக்குள் இருப்பது மெல்லிய மலைக்காற்று. பெருமாள்மலை தாண்டி, டம்டம் பாறை தாண்டி, காட்ரோடு வந்து வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, ரப்பர் மூடி உள்ளே குழிந்து தட்டு மாதிரி ஆகியிருக்கும். இழுத்தாலும் வராது. அதைவிட மோசம், படகுக்குள் இருக்கும் தடுப்புச் சுவரின் ஒட்டு விரிசல் விடலாம். விட்டால் கடலில் ஹேட்சுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேரும். ஏன் மதியத்துக்கு மேல் படகு கனக்கிறது, ஏன் வால் இறங்குகிறது என்று தெரியாமல் தவிப்பீர்கள். பல படகுகளில் இதற்காகவே தடுப்புச் சுவரில் ஊசித்துளை இருக்கும். அழுக்கு அடைத்திருக்கிறதா என்று குண்டூசியால் குத்திப் பாருங்கள். எப்படியானாலும் மலையிறங்கும்போது மூடிகளை ஓரமாகத் திறந்து வைத்து, கயிற்றால் கட்டிக்கொண்டு போவதே நிம்மதி.

கூரை மேல் கட்டுவதிலும் கவனம் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் 5 மீட்டர்ப் படகு இடவலமாக இழுக்கும் என்பதால் நடுவில் இரண்டு பட்டை, மூக்குக்கும் வாலுக்கும் தனித்தனிக் கயிறு. பின்னால் நீட்டியிருக்கும் நுனியில் சிவப்புத் துணி. குளிரில் இறுக்கிய பட்டையை அப்படியே விட்டுக் கீழே வெயிலில் காரை நிறுத்தினால், இளகிய பிளாஸ்டிக் அடியில் கிண்ணம் மாதிரிப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வேகத்தைக் கட்டாயம் தின்னும். வத்தலக்குண்டில் பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பள்ளம் விழுந்தே விட்டதா? வெயிலில் காயவிட்டு, கொதிக்கும் தண்ணீரைத் துணியில் நனைத்துப் போட்டு உள்ளிருந்து மெதுவாகத் தள்ளுங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும்.

படி 9: கடலில் முதல் ஒரு மணி நேரம்

இறங்குவதற்கு முன் உள்ளூர் மீனவர்களிடம் காற்றைக் கேளுங்கள், கடலோரக் காவல் குழுமத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் கரையேறக் கூடாது. உயிர்காப்பு மேலாடையின் பட்டைகளைக் கட்டுங்கள், அது துடுப்பைத் தடுக்கிறது என்றால் அளவு தப்பு.

கரை விட்டதும் வேகத்தைப் பார்க்காதீர்கள். பாக் விரிகுடாப் பக்கம் கரையோரம் ஆழமே இருக்காது, ஏரிக்கரையில் சொன்ன அதே இழுப்பு இங்கேயும் இருக்கும். கடற்புல்லும் ஸ்கெக்கில் மாட்டும், அதனால் ஆழம் வரும்வரை தூக்கியே வையுங்கள். ஆழம் வந்ததும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா மிதந்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு அந்தக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு 200 மீட்டர் போங்கள். எத்தனை முறை திருத்தினீர்கள் என்று எண்ணுங்கள். இருபது துடுப்பில் ஒன்றுக்கு மேல் போனால் ஸ்கெக்கைக் கால்வாசி இறக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் கரைக்குத் திரும்பி, ஹேட்சைத் திறந்து, முன்னால் என்ன கனமாக வைத்தீர்கள் என்று பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் அது தண்ணீர் கேன்தான்.